கைதட்டத் தயங்கிய ரசிகர்கள்!

75 வருஷம் கழித்து மேடை ஏறிய போர் நாடகம்

நாடகம் முடிந்தது. விளக்குகள் அணைந்தன. அரங்கம் முழுவதும் ஒரே இருட்டு.

அந்த இருட்டில் பீரங்கிச் சத்தம் மட்டும் கேட்டது. நேரம் ஆக ஆக அது பெரிதாயிற்று. காது அடைத்துப் போகும் அளவுக்கு முழங்கியது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

திரை மறுபடியும் உயர்ந்தது. நடிகர்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய சுவர். சுவர் நிறையப் பெயர்கள். எல்லாம் போரில் மாண்டவர்களின் பெயர்கள்!

நடிகர்கள் தலை வணங்கவில்லை. புன்னகை செய்யவில்லை. சிலை போல் நின்றார்கள்.

பார்க்க வந்தவர்களுக்கு என்ன செய்வது என்று புரியவில்லை. நாடகம் நன்றாக இருந்தது. கைதட்ட வேண்டியதுதான். ஆனால் எதிரே நிற்பவர்கள் நடிகர்கள் போலத் தோன்றவில்லையே! செத்துப்போன சிப்பாய்களே எழுந்து வந்து நிற்பது போல் அல்லவா இருக்கிறது! அவர்களைப் பார்த்து எப்படிக் கைதட்டுவது?

சிலர் தயங்கித் தயங்கிக் கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"ஜர்னீஸ் எண்ட்" என்னும் ஆங்கில நாடகத்தின் கதை இது. "பயணத்தின் முடிவு" என்று பொருள். 2004-ம் ஆண்டு லண்டனிலும், 2007-ம் ஆண்டு நியூயார்க்கிலும் இது மறுபடி மேடை ஏறியது. டேவிட் கிரிண்ட்லி என்பவர் டைரக்ட் செய்தார்.

எழுதியவர் ஒரு குமாஸ்தா

நாடகத்தை எழுதியவர் ஆர்.சி. ஷெரிஃப். பிறந்தது 1896-ம் ஆண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா வேலை பார்த்தவர். முதல் உலகப் போர் வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்தார். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் சண்டை போட்டார். 1917-ல் காயம்பட்டு ஊர் திரும்பினார்.

போர் முடிந்ததும் பழையபடி இன்ஷூரன்ஸ் வேலைக்கே போனார். அவருடைய ஊரில் ஒரு படகுச் சங்கம் இருந்தது. அந்தச் சங்கத்துக்குப் பணம் சேர்ப்பதற்காகச் சின்னச் சின்ன நாடகங்கள் எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் எழுத்துப் பழக்கம் வந்தது.

போர் முடிந்து பத்து வருஷம் ஆனபோது, தான் கண்டதை வைத்து இந்த நாடகத்தை எழுதினார். நாடகக் கம்பெனிகளின் மானேஜர்கள் கைவிரித்து விட்டார்கள்.

"இதில் கதாநாயகியே இல்லையே! போர்க் கதையை இனி யார் பார்ப்பார்கள்? ஜனங்கள் போரை மறக்க அல்லவா ஆசைப்படுகிறார்கள்?" என்பது அவர்கள் எண்ணம்.

இதை ஷெரிஃப் மறக்கவே இல்லை. 1968-ல் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது அதற்குக் "கதாநாயகி இல்லை" என்றே தலைப்புக் கொடுத்தார்!

1928-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி ஒரு நாடகச் சங்கம் லண்டன் அப்போலோ அரங்கில் இதை நடித்துக் காட்டியது. கதாநாயகனாக நடித்தவர் லாரன்ஸ் ஒலிவியர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அதே ஒலிவியர்தான். அப்போது அவருக்கு வயது 21. கதாநாயகனின் வயதும் அதுவே!

பிறகு ஒரு புண்ணியவான் பணம் போட முன்வந்தார். அவர் பெயர் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட். கவி தாகூரிடம் வந்து, வங்காளத்தில் ஸ்ரீநிகேதன் கிராமப் பணியைத் தொடங்கி வைத்தவர் அவர். அவரும் அவர் மனைவியும் கொடுத்த பணத்தில் நாடகம் நிலைத்தது. 1929-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி லண்டன் சவாய் அரங்கில் தொடங்கியது. மொத்தம் 594 தடவை நடந்தது!

கதை இதுதான்

நாடகம் முழுவதும் ஒரே இடத்தில் நடக்கிறது. பிரான்சில் போர்முனையில், மண்ணுக்கு அடியில் தோண்டிய ஒரு நிலவறை. மேஜையில் மெழுகுவர்த்தி. படிக்கட்டில் ஏறினால் அகழி. அகழிக்கு அப்பால் எதிரி.

காலம்: 1918-ம் ஆண்டு மார்ச் 18 முதல் 21 வரை. ஜெர்மானியர் பெரிய தாக்குதல் நடத்தப்போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். என்றைக்கு என்பதுதான் தெரியாது. ஆகவே காத்திருக்கிறார்கள்.

காப்டன் ஸ்டேன்ஹோப் 21 வயது வாலிபன். பள்ளிக்கூடத்திலிருந்து நேரே போருக்கு வந்தவன். மூன்று வருஷமாகச் சண்டை போடுகிறான். பயத்தை அடக்க விஸ்கி குடிக்கிறான். குடிக்காவிட்டால் அவனால் அகழிக்குள் நிற்க முடியாது.

அவனுக்குத் துணை ஆஸ்போர்ன் என்னும் பெரியவர். ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். படையில் எல்லாரும் அவரை "மாமா" என்றே அழைக்கிறார்கள்.

அங்கே புதிதாக வந்து சேருகிறான் ராலி என்னும் 18 வயதுப் பையன். ஸ்டேன்ஹோப் படித்த பள்ளியிலேயே படித்தவன். ஸ்டேன்ஹோப் என்றால் அவனுக்கு உயிர். ராலியின் அக்கா ஊரில் ஸ்டேன்ஹோப்புக்காகக் காத்திருக்கிறாள்.

ஸ்டேன்ஹோப்புக்குத் திகில் பிடித்துக்கொள்கிறது. "நான் குடிகாரன் ஆனதைப் பையன் அக்காவுக்கு எழுதிவிட்டால்?"

பையன் எழுதிய கடிதத்தைப் பிடுங்குகிறான். தானே படிக்கத் தைரியம் இல்லை. ஆஸ்போர்ன் மாமா படித்துக் காட்டுகிறார். கடிதத்தில் ஒரு குறை கூட இல்லை. முழுவதும் ஸ்டேன்ஹோப்பின் புகழ்தான்! வெட்கத்தால் குன்றிப் போகிறான் அந்தக் காப்டன்.

பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவு வருகிறது. எதிரியின் அகழிக்குள் புகுந்து ஓர் ஆளைப் பிடித்து வரவேண்டும். மாலை 7 மணிக்குள் மேலதிகாரிகளுக்குத் தகவல் வேண்டுமாம். அதற்காக இருட்டும் வரை கூடப் பொறுக்காமல், பகல் 5 மணிக்கே போகச் சொல்லுகிறார்கள்.

மாமாவும் பையனும் போகிறார்கள். பிடிபட்டவன் ஒரே ஒரு ஜெர்மன் பையன். மாமாவும் ஆறு சிப்பாய்களும் திரும்பவில்லை.

மறுநாள் விடிகிறது. மார்ச் 21. பெரிய தாக்குதல் தொடங்குகிறது. ராலி முதுகெலும்பில் அடிபட்டு, ஸ்டேன்ஹோப்பின் எதிரிலேயே உயிரை விடுகிறான். ஸ்டேன்ஹோப் படியேறி மேலே போகிறான். நிலவறை இடிந்து விழுகிறது.

சிரிப்பும் உண்டு

இவ்வளவு சோகமான நாடகத்தில் ஜனங்கள் சிரிக்கவும் செய்தார்கள் என்றால் நம்புவீர்களா?

சமையல்காரன் மேசன் வரும்போதெல்லாம் சிரிப்புத்தான். அவன் கொண்டுவரும் சூப் என்ன சூப் என்று அவனுக்கே தெரியாது. நிறம் மஞ்சள் என்று மட்டும் தெரியும்! அன்னாசிப்பழம் என்று நினைத்து டப்பாவைத் திறந்தால் உள்ளே வேறு பழம் இருக்கிறது. மிளகுத்தூள் வரவில்லை என்று அதிகாரிகள் பெரிய விவாதமே நடத்துகிறார்கள்.

டிராட்டர் என்னும் அதிகாரி ஒரு தாளில் 144 வட்டம் போடுகிறார். அங்கே இருக்கவேண்டியது ஆறு நாள். ஆறு நாளுக்கு 144 மணி. ஒரு மணி போனால் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும்.

முதலில் இதற்கும் சிரிப்பு வரும். பிறகு, மிச்ச வட்டங்களைக் கறுப்பாக்க யார் இருக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு வரும். சிரிப்பு அடங்கிவிடும்.

அன்று பார்த்தவர்கள்

1929-ல் பார்த்தவர்களுக்கு இந்த நாடகம் வெறும் கதை அல்ல.

போர் முடிந்து பத்து வருஷந்தான் ஆகியிருந்தது. அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் அகழியில் நின்றவர்கள் இருந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களும் கணவனை இழந்த பெண்களும் இருந்தார்கள்.

"1918, மார்ச் 18" என்ற தேதியைக் கேட்டதுமே அவர்களுக்கு நெஞ்சு படபடத்திருக்கும். மார்ச் 21-ல் என்ன நடந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். அன்று ஜெர்மன் பீரங்கிகள் ஐந்து மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன. மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயம், பார்ப்பவர்களுக்குத் தெரியும்!

போருக்குப் போய்த் திரும்பியவர்களில் பலர் வீட்டில் வாய் திறக்கவே இல்லை. "என்னப்பா நடந்தது?" என்று கேட்டால், பேச்சை மாற்றினார்கள். திரும்பாதவர்களைப் பற்றிச் சர்க்காரிடமிருந்து ஒரு தந்தியோ கடிதமோதான் வந்தது.

"என் பிள்ளை கடைசி நாட்களில் என்ன சாப்பிட்டான்? யாரோடு பேசினான்? பயந்தானா?"

அதில் இதற்கெல்லாம் பதில் இல்லை. நாடகத்தில் இருந்தது. அதனால்தான் அந்தத் தாய்மார்கள் அழுதார்கள்.

குறை சொன்னவர்களும் உண்டு. "ஓர் அதிகாரி இவ்வளவு குடிப்பதாகக் காட்டலாமா? பட்டாளத்துக்கே அவமானம்!" என்று முன்னாள் அதிகாரிகள் சிலர் கோபித்தார்கள். "அதிகாரிகளின் துன்பந்தான் நாடகம், ஏழைச் சிப்பாய் சிரிப்பூட்டத்தானா?" என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஜெர்மனியிலும் 1929-லேயே நாடகம் நடந்தது. அங்கே வைத்த பெயர் என்ன தெரியுமா? "மறு பக்கம்"! நேற்றுவரை எதிரியாக இருந்தவன் தன்னைப் போலவே பயந்தான், தன்னைப் போலவே வீட்டுக்குக் கடிதம் எழுதினான் என்று ஜெர்மானியர் மேடையில் பார்த்தார்கள்.

சிறை முகாமில் நாடகம்

இரண்டாவது உலகப் போரின்போது ஓர் அதிசயம் நடந்தது. ஜப்பானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள், சிங்கப்பூர் சாங்கி முகாமில் 1943-ல் இதே நாடகத்தை நடித்தார்கள். சயாம் - பர்மா ரயில் பாதையில் இருந்த தாமர்க்கான் முகாமிலும் நடித்தார்கள்.

அந்த ரயில் பாதையைத் தமிழர்கள் மறக்க முடியுமா? மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோன பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் மாண்டது அங்கேதானே! அரை வயிற்றுக் கஞ்சியோடு நாளை எண்ணிக்கொண்டிருந்த கைதிகளுக்கு, டிராட்டரின் 144 வட்டங்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவை இருந்திருக்காது.

பேரப்பிள்ளைகள் காலம்

மீண்டும் 2004-க்கு வருவோம்.

ஜனவரி 21-ந் தேதி நாடகம் லண்டன் காமெடி அரங்கில் தொடங்கியது. சவாய் அரங்கில் தொடங்கி அன்றோடு சரியாக 75 வருஷம். (அந்தக் காமெடி அரங்குக்கு 2011-ல் ஹரால்ட் பின்ட்டர் அரங்கு என்று பெயர் மாற்றினார்கள்.) சில வாரம் ஓடினால் போதும் என்ற நிலை மாறி, அரங்கம் விட்டு அரங்கம் மாறி 2005 வரை நடந்தது.

இப்போது பார்க்க வந்தவர்கள் யார்? பேரப்பிள்ளைகள்! கொள்ளுப்பேரர்கள்! நாடகம் பள்ளிகளில் பாடமாக இருந்ததால் மாணவர்களும் வந்தார்கள். மேடையில் சாகும் ராலிக்கும் பார்க்கும் மாணவனுக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் உலகப் போரில் சண்டை போட்டவர்கள் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே மிஞ்சியிருந்தார்கள். அகழிகளில் போரிட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களில் கடைசியாக இருந்த ஹாரி பாட்ச் 2009-ல் தமது 111-வது வயதில் காலமானார். பல வருஷம் அவரும் போரைப் பற்றிப் பேசாமலே இருந்தவர்தான்.

தாத்தா சொல்லாமல் போனதைப் பேரன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். அங்கே எழுந்த மௌனத்துக்குக் காரணம் இதுவே.

பரிசும் உண்டு, பூட்டும் உண்டு

2007-ல் நியூயார்க் பெலாஸ்கோ அரங்கில் நடந்தபோது கதை வேறு விதமாகப் போயிற்று. ஹியூ டான்சி ஸ்டேன்ஹோப்பாக நடித்தார். பத்திரிகைகள் புகழ்ந்தன. பார்த்தவர்கள் கலங்கினார்கள். ஆனால் அரங்கு நிறையவில்லை!

அப்போது ஈராக்கில் அமெரிக்கா ஐந்தாவது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் டெலிவிஷனைத் திறந்தால் போர்ச் செய்தி. காசு கொடுத்து அரங்கிலும் அதையே பார்ப்பானேன் என்று பலர் எண்ணியிருக்கலாம்.

ஜூன் 10-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்றோடு நாடகத்தை நிறுத்தினார்கள். அதே நாள் இரவு "டோனி" பரிசுகளை அறிவித்தார்கள். அமெரிக்க நாடக உலகின் மிகப் பெரிய பரிசு அது. மறுபடி மேடை ஏறிய நாடகங்களில் சிறந்தது எது என்றால், "ஜர்னீஸ் எண்ட்"!

பரிசு வந்தபோது நாடகம் இல்லை. போரை மறக்க ஆசைப்படுகிறார்கள் என்று 1928-ல் மானேஜர்கள் சொன்னார்கள் அல்லவா? அது முழுப் பொய்யும் அல்ல. போர் நடந்துகொண்டிருக்கும்போது அதைப் பார்க்க ஜனங்களுக்கு மனம் வருவது கடினம். முடிந்த பிறகுதான் துணிவு வருகிறது.

சுவரில் நம்மவர் பெயரும்

பெல்ஜியத்தில் யீப்ர என்று ஓர் ஊர். முதல் உலகப் போரில் தரைமட்டமான ஊர். அங்கே ஒரு பழைய வெடிமருந்துக் கிடங்கில், 2017-ல் இந்த நாடகத்தை நடித்தார்கள். தரைக்கு மேலே இருந்தாலும், அதுவும் ஒரு நிலவறை போன்ற இடந்தான்.

அதே ஊரில் மெனின் வாயில் என்ற நினைவுச் சின்னம் இருக்கிறது. உடல் கிடைக்காமல் போன 54,000-க்கு மேற்பட்ட சிப்பாய்களின் பெயர்களை அதில் பொறித்திருக்கிறார்கள். இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. அந்தப் போருக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் போனார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அவர்களுடைய தாய்மார்களும் அதே கேள்விகளைத்தான் கேட்டிருப்பார்கள்.

ஷெரிஃப் தன் நாடகத்தில் போர் கூடாது என்று பிரசங்கம் செய்யவில்லை. எதிரியைத் திட்டவில்லை. கஞ்சி குடிப்பதையும், கடிதம் எழுதுவதையும், பயத்தை மறைப்பதையும் காட்டினார், அவ்வளவுதான். பார்த்தவர்களில் பிள்ளை பெற்றவர்கள் தம் பிள்ளையை நினைத்தார்கள். தாத்தாவை இழந்தவர்கள் தாத்தாவை நினைத்தார்கள். அப்படி நினைப்பு எங்கோ போயிருக்கும்போது, கைதட்டக் கை எப்படி எழும்?