தொடக்கப் பள்ளியில் கல்வி மென்பொருள்: ஒரு நோக்கு

மணற்பரப்பில் விரலால் எழுதிப் பழகிய திண்ணைப் பள்ளிப் பிள்ளையும், மரப்பலகையில் எழுதி ஓதிய மதரசாப் பிள்ளையும் நம் ஊர்களில் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தவர்கள். பின்னர்ச் சிலேட்டும் பல்பமும் வந்தன. அச்சிட்ட பாடநூல் வந்தது. இன்று கணிப்பொறித் திரை வந்துள்ளது. ஓதுதலையே முதற் கட்டளையாகப் பெற்ற சமுதாயம் நாம். எனவே புதிய கல்விக் கருவி எதனையும் வரவேற்க நமக்குத் தயக்கமில்லை. ஆயினும், வரவேற்குமுன் அதன் இயல்பை அறிதல் கடனாகும். தொடக்கப் பள்ளிகளுக்குக் கணிப்பொறி வழங்க விழையும் பெரியோர் சிலர், "எதனை வாங்கித் தரலாம்?" என நம்மிடம் வினவியதே இக்கட்டுரைக்குக் காரணம்.

கல்வி மென்பொருள் என்பது ஒரே தன்மையது அன்று. அதனை மூவகையாகப் பகுக்கலாம். பாடத்தைப் படத்தாலும் ஒலியாலும் விளக்குவது ஒருவகை. வினா எழுப்பி, விடையைத் திருத்தி, மீண்டும் பயிற்சி தருவது இரண்டாம் வகை. குழந்தையே கணிப்பொறிக்குக் கட்டளையிட்டு ஒன்றை ஆக்கச் செய்வது மூன்றாம் வகை. 1967-இல் அமெரிக்காவில் சேமூர் பேப்பர்ட்டும் அவர்தம் தோழர்களும் உருவாக்கிய 'லோகோ' இம்மூன்றாம் வகையைச் சார்ந்தது. திரையிலுள்ள ஆமையை முன்னே செலுத்தியும் திருப்பியும் சதுரம் வரையும் குழந்தை, கோணம் என்பதைத் தன் செயலாலேயே உணர்கிறது.

இந்தியப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்விக்கென நடுவணரசு 1984-இல் 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அது மேல்வகுப்பு மாணவரை நோக்கியதே. தொடக்க வகுப்புகளைப் பொறுத்தவரை, சென்னையில் நிகழ்ந்த பெருமாற்றம் கணிப்பொறியால் வந்ததன்று, அட்டையால் வந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. ஆந்திர மாநிலத்து ரிஷிவேலியில் உருவான முறையே இதற்கு முன்மாதிரி. பாடம் சிறுசிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு அட்டைகளில் அமைந்தது. ஒரு படியை முடித்த பின்னரே குழந்தை அடுத்த படிக்குச் சென்றது. பின்னர் இம்முறை மாநிலம் முழுவதும் பரவியது. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்தே கற்பிக்கிறது. அவரவர் வேகத்திற்கேற்பப் பாடம் தருதல் என்னும் இக்கொள்கையே நல்ல மென்பொருளின் உயிர்நாடியுமாகும். ஆகவே, அட்டையில் இயலாத எதனைத் திரை செய்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் வினா.

இதற்கு வதோதரா நகரில் நடந்த ஓர் ஆய்வு விடை தருகிறது. அங்குள்ள நகராட்சிப் பள்ளிகளுக்குக் குஜராத் அரசு முன்னரே கணிப்பொறிகளை வழங்கியிருந்தது. அவற்றுட் பல குழந்தைகளுக்குப் பயன்படாமலே கிடந்தன. பிரதம் அமைப்பினர் நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கணித விளையாட்டு மென்பொருளை அறிமுகம் செய்தனர். கணிப்பொறி ஒன்றுக்கு இருவர். வாரத்திற்கு இரண்டு மணி நேரம். அவற்றுள் ஒரு மணி பள்ளி நேரத்திற்குப் புறம்பானது. 2007-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் வெளியிட்ட முடிவின்படி, கணிதத் தேர்ச்சி குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. ஆனால் திட்டம் நின்று ஓராண்டு கழிந்தபின் அப்பயனில் பெரும்பகுதி குறைந்துவிட்டது. அவர்களுள் ஒருவரான லீ லிண்டன், குஜராத்தில் வேறு பள்ளிகளில் செய்த ஆய்வோ மேலும் ஓர் உண்மையை உணர்த்தியது. ஆசிரியர் கற்பிக்கும் நேரத்தை எடுத்துக்கொண்டு மென்பொருள் புகுந்தபோது கல்வி தாழ்ந்தது. வகுப்புக்குப் பின் துணையாக வந்தபோது நன்மை விளைந்தது. மென்பொருள் ஆசிரியருக்குத் துணையாகலாம்; மாற்றாதல் இயலாது என்பது இதனாற் பெறப்படும்.

தமிழ்த் துறையினராகிய நாம் கூற வேண்டியது இன்னும் ஒன்றுண்டு. தியாகராய நகர்க் கடைகளில் ஒரு காலத்தில் குறுந்தகடுகளாக விற்கப்பட்டு, இன்று கைப்பேசிச் செயலிகளாகக் கிடைக்கும் மென்பொருள்கள் சில, ஆங்கில நெடுங்கணக்கு முறையைத் தமிழுக்கு அப்படியே பொருத்துகின்றன. ஓர் எழுத்து, அவ்வெழுத்தில் தொடங்கும் ஒரு சொல், அதற்கொரு படம் என்பது அம்முறை. தமிழிலோ ண, ழ, ள, ற, ன ஆகியவை மொழிக்கு முதலில் வாரா. 'பழம்', 'கிணறு' எனச் சொல்லின் இடையில் வைத்தே அவற்றைக் கற்பித்தல் வேண்டும். ல, ள, ழ ஒலிவேறுபாடு செவியில் பதியுமாறு தெளிந்த குரலும் வேண்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட 'தமிழ் 99' விசைப்பலகையில் க என்பதை அழுத்திப் பின் இ என்பதை அழுத்தினால் கி தோன்றும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய்யாதலை விரலே கற்பிக்கும் வாய்ப்பு இது. அடையாற்றுக்கு அண்மையில் கோட்டூர்புரத்தில் இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் மழலையர்க்கெனப் பாடலும் கதையுமாக அமைத்துள்ள பாடங்கள் கட்டணமின்றியே கிடைக்கின்றன.

மயிலாப்பூர்ப் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு நாம் சென்றிருந்தபோது கண்ட காட்சி இங்கு நினைவுகூரத்தக்கது. நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் திரையில் சொல்லையும் படத்தையும் பொருத்தும் பயிற்சியை விரைந்து முடித்தான். கைதட்டல் ஒலி எழுந்தது. அதே சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். அவனால் வாசிக்க இயலவில்லை. தவறான படங்களை ஒவ்வொன்றாக விலக்கியே அவன் விடையை அடைந்திருந்தான். அருகிலிருந்த ஆசிரியை அவனைத் தம் பக்கத்தில் அமர்த்தி எழுத்தெழுத்தாகக் கூட்டச் செய்தார். சற்று நேரத்தில் அவன் சொல்லை முழுமையாக வாசித்தான். அப்பொழுது கைதட்டியவர்கள் நாங்கள்.

எனவே, பொருளுதவி செய்ய முன்வரும் பெரியோர்கள் மூன்றினை எண்ணிப் பார்த்தல் நலம். இம்மென்பொருள் தமிழின் இயல்புக்கு ஏற்றதா? ஆசிரியருக்குப் பயிற்சியும், பழுது நேர்ந்தால் சீர்செய்யப் பொருளும் ஒதுக்கப்பட்டுள்ளனவா? கற்பிக்கும் நேரத்தை அது கூட்டுகிறதா, குறைக்கிறதா? இம்மூன்றுக்கும் நல்ல விடை கிடைப்பின் தாராளமாக வழங்குக. கிடையாதாயின், அதே தொகையைப் பள்ளி நூலகத்திற்கோ, மாலை வேளையில் கற்பிக்கும் ஆசிரியரின் ஊதியத்திற்கோ அளித்தலும் நிலையான அறமேயாகும். இத்துறையில் பயிலும் மாணவர்களுள் சிலரேனும் நாளை குழந்தைகளுக்கு ஏற்ற தமிழ் மென்பொருளை ஆக்க முன்வருவார்களாயின், அதனினும் பெரிய கொடை வேறில்லை. அதற்கு இறைவன் அருள்புரிவானாக.