உங்களுக்குத் தெரியுமா? விண்வெளி ஓடத்துக்கு அடுத்து பெங்களூரு!

மென்பொருள் நிறுவனங்கள் வேலை செய்யும் முறைக்கு மதிப்பெண் போட 1990களில் பயன்பட்ட அளவுகோல், சி.எம்.எம். அதன் உச்சம் 5ஆம் நிலை. உலகில் அதை முதலில் எட்டியது, நாசாவின் விண்வெளி ஓடத்துக்கு நிரல் எழுதிய ஐ.பி.எம். குழு. இரண்டாவது? 1993இல், பெங்களூரில் இருந்த மோட்டோரோலா மென்பொருள் பிரிவு!

• அந்த ஓடத்தின் நிரல் சுமார் 4,20,000 வரி. 1990களின் நடுவில் கணக்குப் பார்த்தபோது, கடைசி மூன்று பதிப்புகளில் பிழை தலா ஒன்றே ஒன்று.

• நிரலை எழுதி முடித்தபின் செய்யும் சோதனைக்கும் 5ஆம் நிலைக்கும் என்ன வித்தியாசம்? புதுக்கோட்டைக்காரர்களுக்கு ஆதனக்கோட்டை முந்திரியை வைத்தே சொல்லிவிடலாம். வறுத்து உடைத்த பருப்பில் உடைசலைப் பொறுக்கித் தள்ளுவது சோதனை. எந்தச் சூட்டில், எந்தக் கட்டத்தில் பருப்பு உடைகிறது என்று குறித்துவைத்து, அடுத்த ஈட்டில் அதைத் திருத்திக்கொள்வது 5ஆம் நிலை. (முதல் நிலை? கைராசிக்காரர் வருவாரென்று நம்பி அடுப்பை மூட்டுவது!)

• இந்த சி.எம்.எம். அளவுகோலுக்கு அடித்தளமிட்டவர் வாட்ஸ் ஹம்ஃப்ரி. ஐ.பி.எம்.மில் 27 ஆண்டுகள் இருந்துவிட்டு, 1986இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். ஊருக்கு மட்டும் உபதேசம் செய்யவில்லை. 62 சிறு நிரல்களைத் தானே எழுதி, தன் பிழைகளைத் தானே எண்ணிப் பார்த்தார்.

• 2000இல் ஒரு மென்பொருள் தர நிறுவனத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். எங்கே தெரியுமா? நம் சென்னையில்.