பட்டாவில் இருக்கும் கட்டம் எதற்கு?



ஆன்லைனில் எடுக்கும் பட்டா நகலில் கருப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று இருக்கும். அதுதான் கியூ.ஆர். கோடு. "கடையில பணம் அனுப்புறதும் இதுதானே, ஸ்கேன் பண்ணா பணம் போயிடுமா?" என்று திருமழிசைப் பக்கம் குழுக் கூட்டங்களில் கேட்கிறார்கள். போகாது. பணம் அனுப்ப நாம் ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் போகும். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. யாராவது கேட்டால் ஏமாற்று என்று தெரிந்துகொள்ளுங்கள்.

1994-இல் ஜப்பானில் டென்சோ வேவ் கம்பெனி கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைக்க உண்டாக்கியது இந்தக் கட்டம். பட்டாவில் இருப்பது ஒரு விலாசம், அவ்வளவுதான். அசல் விவரம் அரசாங்கக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஸ்கேன் செய்தால் செல்போன் நெட் வழியாக அங்கே போய் விவரத்தைக் காட்டும். இப்படி வேறொரு இடத்துக் கம்ப்யூட்டரில் வைத்து, எங்கிருந்தும் பார்ப்பதைத்தான் கிளவுட் என்கிறார்கள். (ஆதார் கட்டம் வேறு மாதிரி. பெயர், முகவரி அதற்குள்ளேயே இருக்கும்.)

குழுவாகச் சேர்ந்து நிலம் குத்தகைக்கு எடுக்கும்போது இது நமக்கு உதவும். ஜெராக்ஸில் பெயரையோ பரப்பையோ மாற்றியிருக்கலாம். செல்போனில் வரும் பெயர், சர்வே எண், பரப்பு மூன்றையும் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப் போகவில்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஆனால் போலிப் பட்டா அடிக்கிறவனுக்குப் போலிக் கட்டம் அடிக்கத் தெரியாதா? அவன் போட்ட விலாசம் அவனுடைய பக்கத்துக்கே கொண்டுபோகும். அதனால் கட்டத்தை மட்டும் நம்பாமல், 'இ-சர்வீசஸ் டாட் டி.என். டாட் கவ் டாட் இன்' என்று நாமே தேடிப் போய், பட்டாவில் அச்சிட்ட குறிப்பு எண்ணைப் போட்டுப் பார்ப்பதுதான் பத்திரம். செல்போன் வசதி இல்லாதவர்கள் இ-சேவை மையத்தில் கேளுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனையோ பேர் வீட்டுக் காகிதமெல்லாம் போய், சான்றிதழ் நகலுக்காக முகாமில் நின்றார்கள். அதே வருடம் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் ஆதார் போன்றவற்றை இலவசமாக வைத்துக்கொள்ளலாம். அரசுத் துறை நேரடியாக அதில் தரும் ஆவணம் அசலுக்குச் சமம். நாமே போட்டோ பிடித்து ஏற்றியது நகல்தான்.

குழுவின் தீர்மானப் புத்தகம், பேரேடு இவற்றையும் போட்டோ எடுத்து கூகுள் டிரைவில் வைக்கலாம். சில பிள்ளைகள் ஆர்வமாய் அதற்கு ஒரு கட்டம் செய்து சுவரில் ஒட்டித் தருவார்கள். 'லிங்க் உள்ள எவரும்' என்று வைத்திருந்தால் தெருவில் போகிறவரும் நம் பாஸ்புக்கைப் பார்க்கலாம். தலைவி, செயலாளர், பொருளாளர் மூவருக்கு மட்டும் அனுமதி கொடுக்கச் சொல்லுங்கள்.