மையவாடியில் தண்ணீர் ஏன் நிற்கிறது? மண்ணின் நான்கு பிரிவுகள்



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஜனாஸா வந்தால் நமது மையவாடியின் மேற்குப் பகுதியில் குழி வெட்டுவது எவ்வளவு சிரமம் என்பது அனைவரும் அறிந்ததே. இடுப்பளவு வெட்டுவதற்குள் தண்ணீர் ஊறிவிடுகிறது. ஒருபுறம் வாளியால் இறைத்துக்கொண்டே மறுபுறம் அடக்கம் செய்ய வேண்டியிருக்கிறது. அப்போது மையித்தின் வீட்டார் மனம் படும் பாட்டை நாங்கள் எழுதத் தேவையில்லை.

அடுத்த மழைக்குள் ஏதாவது செய்யுங்கள் என்று பலரும் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்து சொல்லிவருகிறார்கள். மேற்குப் பகுதி முழுவதும் சவுடு அடித்து மேடாக்கிவிடலாம் என்பது ஒரு யோசனை. பாதைக்கும் வாசலுக்கும் சிமென்ட் கல் பதித்துவிடலாம் என்பது இன்னொன்று. மழைநீர்க் குழிகள் போட்டுத் தண்ணீரைப் பூமிக்குள் இறக்கிவிடலாம் என்பது மூன்றாவது. பணம் தரவும் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வக்ஃபு நிலத்தில் கை வைப்பதற்கு முன், அந்த மண் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

மழை பெய்யும்போது தண்ணீருக்கு இரண்டே வழிகள்தான். மண்ணுக்குள் இறங்க வேண்டும். இறங்க முடியாதது மேலேயே வழிந்தோட வேண்டும். பள்ளமாக இருந்தால் அங்கேயே நிற்கும். எந்த மண் எவ்வளவு வேகமாக உள்ளே வாங்குகிறது என்பதை வைத்து மண்ணை நான்காகப் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் கீழ் 1935-ல் தொடங்கப்பட்ட மண் பாதுகாப்புத் துறை உருவாக்கியது அது. நம் நாட்டிலும் நீர்வடிப்பகுதித் திட்டங்கள் போடும் பொறியாளர்கள் இதே பிரிவுகளைப் பயன்படுத்துகிறார்கள். ஏ, பி, சி, டி என்று பெயர்.

நன்றாக நனைந்து ஊறிய நிலையில், மேலே எந்த மூடலும் இல்லாதபோது, ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீரை மண் உள்வாங்குகிறது என்பதே கணக்கு. காய்ந்த மண் எதுவும் முதல் மழையை ஆவலாகக் குடிக்கும். அதை வைத்து மண்ணை எடைபோடக் கூடாது. ஊறிய பின்பும் 7.6 மில்லிமீட்டருக்கு மேல் வாங்கினால் ஏ பிரிவு. கடற்கரை மணலும் ஆற்று மணலும் இதில் வரும். 3.8 முதல் 7.6 வரை என்றால் பி. மணல் கலந்த செம்மண், நல்ல தோட்டத்து மண் இந்த வகை. 1.3 முதல் 3.8 வரை சி. களி கூடுதலாகக் கலந்த வண்டல்களைப் பெரும்பாலும் இதில் சேர்க்கலாம். 1.3-க்கும் குறைந்தால் டி. கெட்டியான களிமண், கரிசல், உப்பேறிய களர் எல்லாம் இங்கே. டி மண் ஊறிய பிறகு, ஒரு நாள் முழுக்க மழை பெய்தாலும் அது உள்ளே வாங்குவது 3 சென்டிமீட்டர் அளவுதான். நம் கடலோரத்தில் மழைக்காலத்தில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்வது அதிசயமில்லை. மீதி எங்கே போகும்?

கரிசலைப் பற்றி ஒரு வார்த்தை. கோடையில் கை நுழையும் அளவு வெடித்துக் கிடக்கும்போது அது தண்ணீரை மடமடவென்று குடிப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது வெடிப்பின் வழியே இறங்கும் தண்ணீர். நனைந்ததும் மண் உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும். அப்புறம் கதவைச் சாத்திய மாதிரிதான்.

மண்ணைத் தண்ணீரோடு சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. அல்லாஹ் தமக்கு அருளிய ஞானத்தையும் நேர்வழியையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மழைக்கு ஒப்பிட்ட ஹதீஸை மதரஸாவில் ஓதியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிப்பது; புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தண்ணீரை ஏற்றுப் புல்லை முளைப்பிக்கும் நிலம், தண்ணீரைத் தேக்கி வைத்து மக்களுக்குப் பயன்படும் நிலம், தேக்கவும் செய்யாமல் முளைப்பிக்கவும் செய்யாத வெட்டவெளி என்று மூன்று நிலங்கள் அதில் வருகின்றன. உவமை மனிதர்களைப் பற்றியது என்றாலும், இரண்டாவது நிலத்தைக் கவனியுங்கள். தண்ணீரை உறிஞ்சாத மண் பயனற்றது என்று அங்கே சொல்லப்படவில்லை. நம் ஊர்க் குளம் கோடை வரை நிற்பதே அதன் அடியில் களி இருப்பதால்தான்.

மையவாடி விஷயத்தில் ஃபிக்ஹ் நூல்களும் மண்ணைப் பிரித்தே பேசுகின்றன. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், நிலம் உறுதியாக இருந்தால் ஷக்கை விட லஹ்து சிறந்தது என்றும், பெட்டியில் வைத்து அடக்குவது மக்ரூஹ் என்றும், ஈரமான அல்லது இளகிய மண்ணுக்கு அதில் விலக்கு உண்டு என்றும் சட்டம் இருக்கிறது. மழைக்காலத்தில் பலகை வைத்து அடக்க நேர்ந்த வீட்டார் சிலர், ஏதோ குறை நேர்ந்துவிட்டதாக இன்றும் வருந்துகிறார்கள். அந்த வருத்தம் வேண்டாம். கூடுதல் விளக்கம் வேண்டுவோர் இமாம் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது மூன்று யோசனைகளுக்கு வருவோம். மேலே சொன்ன அமெரிக்கத் துறை 1986-ல் வெளியிட்ட கையேடு ஒன்றில், பூங்கா, புல்வெளி, மையவாடி ஆகியவற்றை ஒரே வரிசையில் போட்டு ஒவ்வொரு மண்ணுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்களை வைத்து, ஒரே மழையில் 100 மில்லிமீட்டர் பெய்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். நல்ல புல் மூடிய மணலில் வழிந்தோடுவது 1 மில்லிமீட்டர். அதே புல் மூடிய களிமண்ணில் 50. சிமென்ட் போட்ட இடத்தில், அடியில் எந்த மண் இருந்தாலும் 94! புல் பாதிக்கும் குறைவாகிவிட்டால் மணலில் ஏறக்குறைய 30 ஆகவும் களியில் 70 ஆகவும் ஏறிவிடுகிறது. ஆகவே சிமென்ட் கல் யோசனையை நாங்கள் ஆதரிக்கவில்லை. பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்கும். அந்தத் தண்ணீர் முழுவதும் கபர்கள் இருக்கும் பள்ளத்துக்குத்தான் போய்ச் சேரும். ஷஅபான் மாதத்தில் சுத்தம் செய்கிறோம் என்று பொக்லைன் விட்டுப் புல்லை வேரோடு வழித்தெடுப்பதும் அப்படித்தான். வண்டியின் பாரமே மண்ணை இறுக்கி அதன் பிரிவை மாற்றிவிடும். அரிவாளால் அறுத்தால் போதும்.

மழைநீர்க் குழி நல்ல விஷயம். 2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கிய பிறகு பல ஊர்களில் கிணற்று நீர் ஏறியது உண்மை. ஆனால் களியிலேயே முடிந்துவிடும் குழி, கொசு வளர்க்கும் தொட்டிதான். களியைத் தாண்டி மணல் தட்டும் வரை இறக்கினால் வேலை செய்யும். மையவாடிக்குள் அதையும் செய்யக் கூடாது என்பது எங்கள் கருத்து. கபர்களின் மேல் ஓடிய தண்ணீரை நேராக நிலத்தடி நீரில் கலக்கவிட்டால், சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளுக்கு அது நல்லதல்ல.

சவுடு அடிப்பதிலும் இதே கேள்விதான். வருகிற லோடு களி கலந்ததாக இருந்தால், டி மண்ணின் மேல் இன்னொரு டி மண்ணைப் பரப்பியவர்களாவோம். கைப்பிடி மண்ணை நனைத்து விரலிடுக்கில் அழுத்தி நீளமாக நாடா போல் இழுத்துப் பாருங்கள். உடையாமல் நீண்டால் களி, உதிர்ந்தால் மணல். லாரிக்காரர் சொல்வதை விட விரல் சொல்வது நம்பகமானது.

கிழக்குப் பகுதி மணல் என்பதால் அங்கே கவலையில்லை என்று நினைக்கிறோம். பாதி சரி. அடியில் நீர்மட்டம் இரண்டு அடிக்குள் ஏறிவிட்டால் மணலும் டி போலவே நடந்துகொள்ளும். இறங்க இடம் இல்லையல்லவா? அதனால்தான் அத்தகைய மண்ணுக்கு ஏ/டி என்று இரட்டைப் பெயர் வைத்திருக்கிறார்கள். கடற்கரைத் தெருவாசிகளுக்கு இது இன்னொரு வகையில் முக்கியம். மழைநீருக்கு நல்ல மண் கழிவுநீருக்குக் கெட்ட மண். மணலில் உறிஞ்சுகுழி நிரம்புவதே இல்லை என்று சந்தோஷப்படுகிறோம். அது வடிகட்டப்படாமல் பக்கத்துக் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும். அது இல்லாத வீடுகளில் அந்தக் கிணற்று நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். வயல் பக்கத்துத் தெருக்களில் நிலைமை நேர்மாறு; அங்கே குழி உறிஞ்சாமல் சாக்கடையாக வெளியே வருகிறது.

ஒரே அளவில் இரண்டு குழிகளை மையவாடியின் இரு பக்கங்களிலும் வெட்டி, முதல் நாள் முழுக்கத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மறுநாள் லுஹருக்குப் பின் மீண்டும் நிரப்பிப் பார்த்தோம். கிழக்குக் குழி அஸருக்குள் வற்றிவிட்டது. மேற்குக் குழியில் அடுத்த நாள் சுப்ஹு தொழுகைக்குப் பிறகும் தண்ணீர் நின்றது.

இதை வைத்து டிரஸ்ட் முன்வைக்கும் யோசனை இதுதான். மேற்கு மதிலை ஒட்டி ஒரு வாய்க்கால் வெட்டி, மேலே சேரும் தண்ணீரைக் குளத்துக்கு விடுவது. இதனால் மேலே தண்ணீர் நிற்பது குறையும். குழிக்குள் ஊறுவது முழுவதும் நின்றுவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆகவே ஐப்பசி முதல் மார்கழி வரை வரும் ஜனாஸாக்களுக்குக் கிழக்குப் பகுதியில் உயரமாக உள்ள இடத்தை ஒதுக்குவது. இதில்தான் சிலருக்கு மனவருத்தம் இருக்கிறது. வாப்பாவுக்குப் பக்கத்தில், உம்மாவுக்குப் பக்கத்தில் அடக்க வேண்டும் என்ற ஆசையை நாங்கள் குறைவாக எண்ணவில்லை. குடும்பக் கபர்கள் மேற்கே உள்ள வீட்டார் தங்கள் கருத்தை முதலில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே, எதையும் முடிவு செய்யாமல் ஜமாஅத் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறோம்.

கூட்டம் வரும் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் மேல்தளத்தில் நடைபெறும், இன்ஷா அல்லாஹ். பெண்களுக்கு மதரஸா கூடத்தில் ஒலிபெருக்கி ஏற்பாடு உண்டு. கருத்தை எழுதியும் அனுப்பலாம். மழைநீர்க் குழியோ உறிஞ்சுகுழியோ போட இருப்பவர்கள், மூன்றடி ஆழத்து மண்ணை ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதியளவு எடுத்து வாருங்கள். தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படியும். களி மறுநாள்தான் தெளியும். எது எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல, மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் அலுவலகத்தில் ஆள் இருப்பார்.