தகரக் கொட்டிலுக்கு மின்சாரம் எடுக்கும்போது

1990 இல் புத்தளம் பக்கம் போய்த் திரும்பியவர்களானாலும் சரி, 2008 இல் இடம்பெயர்ந்து திரும்பியவர்களானாலும் சரி, விடத்தல்தீவில் நிரந்தர வீடு எழும்பும் வரை உங்களில் பலர் தகரம் அடித்த தற்காலிகக் கொட்டிலிலேயே இருக்க வேண்டியிருக்கும். கொட்டிலுக்கு லைன் இழுக்கும் முன் இதை வாசியுங்கள்.

கல்வீட்டில் ஒரு வயர் உரிந்தால் ஆபத்து பெரும்பாலும் அந்த இடத்தோடு நிற்கும். தகரக் கொட்டிலில் கூரை, சுவர், கதவு, இரும்புத் தூண் எல்லாம் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. உரிந்த வயர் ஓரிடத்தில் பட்டாலே கொட்டில் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். மழை நாளில் வெறுங்காலுடன் வந்து கதவைப் பிடிக்கும் பிள்ளைக்குக் கரண்ட் அடிக்கும்.

பியூஸ் இருக்கிறதுதானே என்று இருந்துவிடாதீர்கள். பியூஸ் வயரைத்தான் காப்பாற்றும், ஆளை அல்ல. ஓர் அம்பியரில் பத்தில் ஒரு பங்கு உடம்பினூடாகப் போனாலே உயிர் போகலாம். 5 அம்பியர் பியூஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

எர்த் கம்பி மட்டும் இருந்தாலும் போதாது. கரையோர மணல் காய்ந்து கிடக்கும் காலத்தில் எர்த்தின் தடை 50 ஓம் ஆக இருக்கிறது என்று வையுங்கள். 230 வோல்ற்றை 50 ஆல் பிரித்தால் 4.6 அம்பியர். பியூஸ் எரியாது, தகரத்தில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். 30 மில்லிஅம்பியர் ட்றிப் சுவிச் இருந்தால் அதே கசிவில் உடனே விழுந்துவிடும். ஆகவே எர்த்தும் ட்றிப்பும் இரண்டும் வேண்டும். காசு குறைவென்றால் பிளக் பொயின்ற் ஒன்றைக் குறையுங்கள், ட்றிப்பைக் குறைக்காதீர்கள்.

ட்றிப்பைக் கொட்டிலுக்குள் பூட்டினால், உள்ளே வரும் வயர் தகர ஓட்டையில் உரியும்போது அது காப்பாற்றாது. லைன் தொடங்கும் இடத்திலேயே பூட்டுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து எடுப்பதென்றால் அந்த வீட்டிலேயே ட்றிப் இருக்க வேண்டும். வயரும் எர்த்துடன் சேர்ந்த மூன்று கம்பி வயராக இருக்க வேண்டும்.

எர்த் கம்பியை ஈரம் நிற்கும் இடத்தில், குளிக்கும் தண்ணீர் ஓடும் பக்கமாக இறக்குவது நல்லது. ஆனால் கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட காணியில் மட்டுமே கம்பி அடியுங்கள், கிடங்கு தோண்டுங்கள். சந்தேகம் இருந்தால் முதலில் கிராம அலுவலரிடம் கேளுங்கள். இரும்புச் சட்டத்தையும் தகரத்தையும் பச்சை வயரால் எர்த்துடன் தொடுக்கும்போது, பெயின்றையும் துருவையும் சுரண்டிவிட்டு போல்ற் போட்டு இறுக்குங்கள். உப்புக்காற்றில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும், இடைக்கிடை பாருங்கள்.

சோளகக் காற்றில் தகரம் அடித்துக்கொண்டே இருக்கும். அதன் விளிம்பு வாள்போல வயரை அறுக்கும். வயரைத் தகரத்தில் ஆணியடித்துக் கட்டாமல், மரச் சட்டத்தில் பிளாஸ்ரிக் குழாய்க்குள் கொண்டுபோங்கள். தகரத்தைத் துளைத்து வரும் இடத்திலும் ஒரு துண்டுக் குழாய் செருகுங்கள். பல்புக்கு 1 சதுர மில்லிமீற்றர் வயர் போதும், பிளக் பொயின்றுக்கு 2.5 வேண்டும். இடிந்த வீட்டுச் சுவரிலிருந்து உருவிய பழைய வயரைப் பாவிக்காதீர்கள். வெளியே நல்லதாகத் தெரிந்தாலும் வளைக்கும்போது உறை வெடிக்கும்.

வேலையை வயரிங் தெரிந்தவரிடமே கொடுங்கள். அவர் போகும் முன் எர்த்தின் தடையை மீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ட்றிப்பிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை நீங்களே அமர்த்தலாம். அமர்த்தியதும் விழாவிட்டால் ட்றிப்பை மாற்ற வேண்டும். அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

ட்றிப் அடிக்கடி விழுகிறதென்று அதைக் கழற்றிவிட்டு நேரடியாகத் தொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு ட்றிப்பைப் போட்டு, ஒவ்வொன்றாகக் கொளுவிப் பாருங்கள். எதைக் கொளுவும்போது விழுகிறதோ அந்தச் சாமானில்தான் பிழை. ஒன்றும் கொளுவாமலே விழுந்தால் பிழை வயரில். அது திருத்தப்படும் வரை கொட்டிலின் மின்சாரத்தை நிறுத்தியே வையுங்கள்.