ஃப்ளஷ் பண்ணினதுக்கு அப்புறம் என்ன ஆகுது? அப்பத்தா வீட்டு ரெண்டு குழி

சாப்பிட்டுக்கிட்டே கேட்கிறீங்கன்னா, பாஸ் பண்ணிட்டு அப்புறமா வாங்க. இன்னைக்கு கழிவுநீர் பத்திப் பேசப்போறோம்.

சிவகங்கை பக்கம் எங்க அப்பத்தா ஊர் சின்னது. பாதாளச் சாக்கடை இல்லை. அங்கே வீட்டில் கழிவறை கட்ட முடிவு பண்ணினோம். கொத்தனார் சொன்னார்: "பெரிய செப்டிக் டேங்க்கா போட்டுடலாம் தம்பி. இருபது வருஷத்துக்கு எடுக்கவே வேண்டாம்."

"அது எப்படிண்ணே நிறையாம இருக்கும்?"

"அடியில தளம் போட மாட்டோம்ல!"

அங்கேதான் பிரச்சினை. உண்மையான செப்டிக் டேங்க்கில் தண்ணீர் கசியக் கூடாது. கெட்டியானது அடியில் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் வெளியே போகும். அதோட வேலை பாதிதான் முடியுது. வெளியே வரும் தண்ணீரில் நோய்க்கிருமிகள் நிறைய இருக்கும். மீதி வேலையை உறிஞ்சு குழியைச் சுற்றியிருக்கும் மண்தான் செய்யணும். தளம் போடாமல் ஆழமாத் தோண்டினால், அழுக்கு நேரா நிலத்தடி நீருக்குப் போகும். பக்கத்து வீட்டுக் கிணறு இருபது அடியில்தான் இருக்கு.

அதனால் நாங்க ரெண்டு குழி முறைக்கு மாறினோம். சுமார் ஒரு மீட்டர் அகலம், அதைவிடக் கொஞ்சம் அதிக ஆழம். செங்கல் சுவரில் தேன்கூடு மாதிரி இடைவெளி. ஒரு நேரத்தில் ஒரு குழிதான் ஓடும். அது நிறைஞ்சதும் அடைச்சிட்டு, பாதையை அடுத்த குழிக்குத் திருப்பணும். சர்வர் பாஷையில் சொன்னா, ஒண்ணு லைவ், ஒண்ணு ஸ்டாண்ட்பை.

"இதுக்கும்தான் அடியில் தளம் இல்லையே?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. குழி ஆழமில்லாததால், நிலத்தடி நீருக்கு முன்னால் வடிகட்ட மண் மிச்சம் இருக்கு. கழிவறைத் தண்ணீர் மட்டும்தான் இதில் விழணும். குளியல், சமையல் தண்ணீர் வாழைக்குப் போகுது. கிணற்றிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் தள்ளி, வீட்டுக்கு மறுபக்கம் தோண்டினோம். நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் ஊருக்கு இந்த முறை ஒத்துவராது.

எல்லாம் கேட்டுட்டு அப்பத்தா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "சரிடா, நிறைஞ்சா யாரு அள்ளுவா? அந்தத் தெரு ஆளைத்தானே கூப்பிடுவீங்க?"

எனக்குப் பேச்சே வரலை. செப்டிக் டேங்க்கில் தினமும் புதுக் கழிவு விழுவதால், உள்ளே இருப்பது எப்பவும் ஆபத்தானது. விஷவாயு வேற. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ல் வந்த சட்டம் தடை செய்யுது. ஆனாலும் சாவு நிற்கலை.

மூடி வச்ச குழி அப்படியில்லை. ஒண்ணரை, ரெண்டு வருஷத்தில் கிருமிகள் செத்து, நாற்றமில்லாத எரு ஆயிடும். 2017 பிப்ரவரியில், தெலங்கானாவின் கங்காதேவிபள்ளியில், அப்போதைய மத்தியக் குடிநீர், துப்புரவுத் துறைச் செயலாளர் பரமேஸ்வரன் ஐயரே இப்படி ஒரு குழிக்குள் இறங்கி எருவை அள்ளினார்.

"அப்பத்தா, நானே அள்ளுறேன்"னு சொல்லியிருக்கேன். அவங்க இன்னும் நம்பலை. முதல் குழி இப்போ ஓடிக்கிட்டிருக்கு. அது நிறைஞ்சு, மூடி, ஆறினதும் மண்வெட்டியோட போகணும்.

நீங்களும் இன்னைக்கு வீட்டில் கேளுங்க: நம்ம வீட்டுக் கழிவு எங்கே போகுது, அதை யார் எடுக்கிறாங்க? பதிலைக் கமென்ட்டில் எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.