உண்மையைத் தேடிச் சிறை சென்றவர்

எழுதுகோலுக்கு வாளைவிட வலிமை உண்டு என்று கட்டுரைப் போட்டிகளில் நாம் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அந்த வலிமையை மெய்ப்பித்துக் காட்டியவர் இங்கிலாந்து நாட்டுப் பத்திரிகையாசிரியர் வில்லியம் தாமஸ் ஸ்டெட். அதே எழுதுகோல் அவசரப்பட்டால் யாரைக் காயப்படுத்தும் என்பதையும் அவருடைய வாழ்க்கை நமக்குச் சொல்கிறது.

ஸ்டெட் 1849-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் வட இங்கிலாந்திலுள்ள எம்பிள்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஒரு புராட்டஸ்டண்ட் சபைப் போதகர். முதல் ஆசிரியரும் அவரே. பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பை விட்டு, ஒரு வணிக நிலையத்தில் எழுத்தராகச் சேர்ந்த ஸ்டெட், 1871-இல் டார்லிங்டன் நகரின் ‘நார்தர்ன் எக்கோ’ நாளிதழுக்கு ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 22 தான்!

1880-இல் லண்டன் சென்று, ‘பால் மால் கெசட்’ மாலை இதழில் துணையாசிரியராகி, 1883-இல் அதன் ஆசிரியரானார். அக்காலப் பத்திரிகைகளில் பத்தி பத்தியாகப் பாராளுமன்றப் பேச்சுகளே நிறைந்திருக்கும். ஸ்டெட் அவற்றிற்கிடையே துணைத் தலைப்புகளையும், வரைபடங்களையும், பேட்டிகளையும் கொண்டுவந்தார். இன்று நாம் காலையில் புரட்டும் செய்தித்தாளின் அமைப்பு அவருக்குப் பெரிதும் கடன்பட்டது. லண்டன் சேரிமக்களின் அவல நிலையை அவர் விடாமல் எழுதினார். 1884-இல் ஏழைகளின் குடியிருப்பைப் பற்றி ஆராய அரச ஆணைக்குழு அமைந்ததில் அந்த எழுத்துக்கும் பங்குண்டு.

ஆனால் அவர் பெயரை உலகறியச் செய்தது 1885-ஆம் ஆண்டு. அந்நாளில் ஆங்கிலச் சட்டம் 13 வயது நிரம்பிய சிறுமியைக் குழந்தையாகக் கருதிக் காக்கவில்லை. ஏழைச் சிறுமியரைத் தீயோர் வஞ்சித்தும், விலைபேசியும் கொண்டு சென்றனர். ஜோசபின் பட்லர் போன்ற பெண்மணிகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டனர். சட்டத்தைத் திருத்தும் மசோதாவோ பாராளுமன்றத்தில் முடங்கிக் கிடந்தது.

“குழந்தைகளை விலைக்கு வாங்க முடியுமா?” என்று கேட்டவர்களுக்கு நேரடிச் சான்று காட்ட ஸ்டெட் துணிந்தார். இரட்சணிய சேனையில் மனம் திருந்திய ரெபேக்கா ஜாரெட் என்ற பெண்ணின் உதவியோடு, புகைபோக்கி துடைக்கும் தொழிலாளி ஒருவரின் மகளை 5 பவுன் பேரத்தில் பெற்றார். அவள் பெயர் எலைசா ஆம்ஸ்ட்ராங், வயது 13. வீட்டு வேலைக்குப் போகிறோம் என்றுதான் அவள் நம்பினாள். பிறகு அவள் பிரான்சு நாட்டில் பாதுகாப்பான இடத்திற்கு அனுப்பப்பட்டாள்.

ஜூலை 6-ஆம் நாள் கட்டுரைத் தொடர் தொடங்கியது. லண்டன் மாநகரமே அதிர்ந்தது. பெரிய விற்பனை நிலையம் இதழை விற்க மறுத்தது. ஆயினும் அலுவலக வாசலில் மக்கள் முண்டியடித்தனர். எழுதியவை மெய்தானா என்று ஆராய்ந்த குழுவில் நம் திருச்சபையின் கர்தினால் மானிங் அவர்களும் இடம்பெற்றார். குழு அவற்றைப் பெரும்பாலும் உண்மை என்று உறுதி செய்தது. ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் கையொப்பமிட்ட மனு பாராளுமன்றத்திற்குச் சென்றது. ஆகஸ்டு மாதத்தில் புதிய சட்டம் நிறைவேறி, பாதுகாப்பு வயது 16 ஆக உயர்ந்தது.

வெற்றிதானே? ஆம், ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. எலைசாவுக்குக் கட்டுரையில் வேறு பெயரிட்டிருந்தார் ஸ்டெட். விலைக்கு வாங்கியவர் தாமே என்பதையும் அவர் சொல்லவில்லை. அதைப் படித்த தாய், தன் மகளே அவள் என்று ஐயுற்று, மகளைக் கேட்டுக் காவல்துறையை நாடினாள். தீய வழிக்கு மகளை விற்கவில்லை, வேலைக்கே அனுப்பினேன் என்றாள். தந்தையிடமோ ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை. எலைசாவை அச்சுறுத்திய மருத்துவப் பரிசோதனை ஒன்றும், மயக்க மருந்தும் அந்தச் ‘சான்று’க்காகவே நடந்தன.

வழக்கு மன்றம் ஏறியது. 1885 நவம்பர் 10-ஆம் நாள் ஸ்டெட் மூன்று மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அவர் அதற்காக நாணவில்லை. பிற்காலத்தில் ஆண்டுதோறும் அதே நாளில் சிறை உடையை அணிந்து வந்தார்! ரெபேக்காவுக்குக் கிடைத்ததோ ஆறு மாதம். ஆசிரியரைவிட அவருக்கு உதவிய ஏழைப் பெண்ணுக்கே தண்டனை அதிகமாயிற்று.

1890-இல் ‘ரிவ்யூ ஆப் ரிவ்யூஸ்’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். போயர் போரைத் தம் நாட்டு மக்களின் வெறுப்பையும் பொருட்படுத்தாமல் எதிர்த்தார். உலக சமாதானத்திற்காக ஓயாது உழைத்தார். 1912-இல் நியூயார்க்கில் நடைபெறவிருந்த சமாதான மாநாட்டில் பேசப் புறப்பட்டார். அவர் ஏறிய கப்பல் டைட்டானிக்! ஏப்ரல் 15-ஆம் நாள் 62-ஆம் வயதில் கடலில் மறைந்தார். லண்டனில் தேம்ஸ் நதிக்கரையிலும், நியூயார்க் சென்ட்ரல் பூங்கா அருகிலும் அவருக்கு நினைவுச் சின்னங்கள் உள்ளன. எலைசாவுக்கு அவற்றில் இடமில்லை.

அன்புத் தோழியரே! ஸ்டெட் பெற்றுத் தந்த சட்டம் எண்ணற்ற சிறுமியரைக் காத்தது. அதற்காக அவரை நன்றியுடன் நினைக்கலாம். ஆனால் நல்ல நோக்கம் ஒன்றே எல்லாவற்றையும் சரியாக்கிவிடாது. ஒருவருக்கு உதவ முனையும்போது, “உனக்குச் சம்மதமா?” என்று அவரையே முதலில் கேட்பது அன்பின் முதற்படி. உண்மைக்காகக் குரல் கொடுப்போம். யாருக்காகக் குரல் கொடுக்கிறோமோ, அவர் குரலையும் கேட்போம்.